சராசரிக்குள் மறைந்த பத்துப் பிள்ளைகள்



“நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா? பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாமே!” தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியோர்க்கு இக்கேள்வி புதிதன்று. நாம் உணர்ச்சியோடு மறுக்கிறோம். கேட்பவரோ எண்களைக் காட்டுகிறார். நாமும் எண்களால் விடையளிக்கக் கற்றுக்கொண்டால் என்ன?

படிவம் 5 கூடுதல் கணிதத்தில் நேரியல் திட்டமிடல் என்றொரு பாடம் உண்டு. 1947-இல் ஜார்ஜ் டான்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறையால் வளர்ந்த துறை அது. அதன் அடிப்படை எளியது. எதைக் குறைக்க அல்லது கூட்ட வேண்டும் என்பது குறிக்கோள். எதை மீறக்கூடாது என்பது கட்டுப்பாடு. இவ்விரண்டையும் மனிதர் எழுதித் தருகின்றனர். கணக்கு விடையை மட்டுமே தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. நூறு பிள்ளைகளில் 90 பேர் நகரப் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டரிலும், 10 பேர் 15 கிலோமீட்டரிலும் வாழ்வதாகக் கொள்வோம். சராசரித் தொலைவு 2.4 கிலோமீட்டர்தான். அறிக்கையில் அழகாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்துப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பேருந்துக்குக் காத்து நிற்பது அதில் தெரியாது. ‘எந்தப் பிள்ளையும் 5 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யலாகாது’ என்று ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்துப் பாருங்கள், விடையே மாறிவிடும். சராசரித் தொலைவைக் குறைப்பதும் மிகத் தொலைவிலுள்ளவரின் தொலைவைக் குறைப்பதும் வெவ்வேறு கணக்குகள் என்பதை 1964-ஆம் ஆண்டிலேயே ஹக்கிமி என்னும் அறிஞர் தெளிவாக வகுத்துள்ளார்.

நம் வரலாற்றிலும் இத்தகைய கட்டுப்பாடு இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பிள்ளைகள் இருந்த இடத்திற்கே பள்ளி வந்தது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. அவற்றுள் பல, 150 மாணவர்களுக்கும் குறைந்தவை.

எல்லாப் பள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின; குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தன. பிள்ளைகள் சென்ற இடத்திற்குப் பள்ளியும் செல்வதே முறை. எங்கே செல்வது என்பதைக் கண்டறிய இக்கணக்கு உதவும். ஆனால் செலவைக் குறைப்பது மட்டுமே குறிக்கோளானால், சிறு பள்ளிகளை மூடு என்பதைத் தவிர வேறு விடை பெரும்பாலும் வாராது.

ஆகவே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தை விரியுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் குறியுங்கள். தொலைவு, பேருந்துக் கட்டணம், புறப்படும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். நம்மால் விட்டுக்கொடுக்க இயலாதவை எவை என்பதை நாமே முதலில் வரையறுப்போம். நாம் எழுதாவிட்டால், நம் பிள்ளைகளை அறியாத ஒருவர் நமக்காக எழுதிவிடுவார்.