ஆராய்ச்சி நிலையமும் அதன் கடனும்

"ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலே பாயுமின்றி நோயாளர் கிடக்க, ஆராய்ச்சி நிலையங்களுக்கென்று பொதுப்பணத்தைச் செலவிடுதல் தகுமோ?" என்று வினவுவார் நம்மிடைப் பலர். வினா நேர்மையானதே, அதனை எள்ளி நகைத்தல் கற்றார்க்கு அழகன்று. ஆயினும், தாழ்வாரத்திற் கிடப்பாரின் தொகையைக் குறைப்பதற்குப் படுக்கைகளைப் பெருக்குதல் ஒன்றே வழி எனக் கொள்வது பிழை என்பது எமது துணிபு. தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்கு மருத்துவத் துறையில் என்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. அத்துறையிலும் தமிழுக்கு ஒரு வேலை உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பொதுவாகப் பேசிற் பேச்சு நீளும். ஒரு நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னைச் சேத்துப்பட்டிலே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் உளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒருங்கு கூடி, ஐந்தாண்டு நடத்திப் பார்ப்போம் என்று 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையம் அது. இப்போதுள்ள பெயர் அதற்கு 2011-இல் வாய்த்தது.

அந்நிலையம் தோன்றிய நாளிலே காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம் என்பதே வழக்கு. டாக்டர் சௌரிமுத்து என்பார் தாம்பரத்தில் 1928-இல் அத்தகையதொன்றை நிறுவினார். அதன் பெயரைத் தாங்கிய ரயில் நிலையத்தில் இன்றும் மின்சார வண்டிகள் நிற்கின்றன. தூய காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையும் மலிந்த உணவு, இவையே நோயைத் தீர்க்கும் என்று மருத்துவரும் நம்பினர், மக்களும் நம்பினர். நோயாளரோ இலட்சக் கணக்கினர். படுக்கைகளோ ஆயிரக் கணக்கின. இடம் கிட்டாதவன் வீட்டு மூலையிற் கிடந்து இருமி மாய்ந்தான். இதற்கிடையில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநியாசிட் என்னும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. மருந்து கைக்கு வந்தபின்னும் சானடோரியம் வேண்டுமா என்பது புதிய வினாவாயிற்று. படுக்கைகள் போதிய அளவு பெற்ற செல்வ நாடுகள் இவ்வினாவை விரைந்து எழுப்பவேண்டிய முடை இல்லை. அம்முடை நமக்கே இருந்தது.

டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் தலைமையில், சென்னை நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூறார் சானடோரியத்துக்குச் சென்றனர். மற்றையோர் தம் நெருக்கமான குடிசைகளிலேயே இருந்து, வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து பெற்றனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. எவரை எக்கூற்றில் வைப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்குச் சீட்டுப் போன்றதொரு முறையால் முடிவு செய்தனர். இன்றேல், மெலிந்தவர்பால் இரங்கிய மருத்துவர் அவரையெல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பர், ஒப்பீடு கெட்டிருக்கும். வீட்டிலிருந்தார் மருந்தை உண்டனரா என்றறியச் சிறுநீரைச் சோதித்தனர். முன்னறிவியாமல் வீடுகளுக்குச் சென்றும் பார்த்தனர்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டிறுதியில் சானடோரியத்தாருள் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டிலிருந்தாருள் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய்க்கிருமி அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தார் குறைவாக உண்டனர், மிகுதியாக உழைத்தனர், எடையும் அத்துணை ஏறவில்லை. அங்ஙனமிருந்தும் வேறுபாடு இவ்வளவே. அவரோடு ஒரே கூரையின்கீழ் உறைந்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் மிகுந்ததோ எனின், அதுவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் பையப்பைய மூடப்பட்டமைக்கு இவ்வாராய்ச்சியும் ஒரு காரணம். ஆயிரம் படுக்கை புதிதாக இட்டிருப்பின் ஆயிரம் பேர் படுத்திருப்பர். படுக்கையே வேண்டா என்று தெளிந்தமையால் எத்தனை இலட்சம் பேருக்குச் சிகிச்சை கிட்டிற்று என்று எண்ணிப் பார்க்க. முதலிற் கேட்ட வினாவுக்கு விடை இதுவே.

மக்களின் நம்பிக்கையை மட்டுமன்றி, தனக்குப் பொருள் தரும் அரசாங்கத்தின் நம்பிக்கையையும் சோதித்தல் ஆராய்ச்சி நிலையத்தின் கடன். இது முன்னையதினும் அரிது. பி.சி.ஜி. அம்மைப்பால் நாடெங்கும் குத்தப்பட்ட காலத்திலே, அதனை எதிர்த்து இராஜாஜி 1955-இல் சிறு நூல் ஒன்று வெளியிட்டார். அரசாங்கத்தார் அதனைப் போற்றினர். மேடையில் எழுந்த இவ்வழக்கு மேடையில் தீரவில்லை. 1968-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களிலே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் பெருஞ் சோதனை ஒன்றைத் தொடங்கினர். சிலருக்கு மெய்யான மருந்து; சிலருக்கு வெறும் நீர்மம்; எவருக்கு எது என்பதைக் குத்தினவரும் அறியார். வளர்ந்தவருக்கு வரும் நுரையீரற் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே கிடைத்த முடிவு. பல கோடிப் பேருக்கு அரசாங்கம் இட்ட ஊசி அது. எனினும் முடிவை மறையாது வெளியிட்டனர். எம் மதிப்பில், இவ்வெளியீடு 1959-ஆம் ஆண்டு வெற்றியினும் பெரிது. பச்சிளங் குழவிகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசத்தை அவ்வூசி தடுக்கும் என்பது பிற ஆராய்ச்சிகளால் தெளிவானமையின், பிறந்த குழந்தைக்கு அதனை இன்றும் இடுகின்றனர். இராஜாஜி அஞ்சியதும் முழுதும் மெய்யன்று, அரசாங்கத்தார் நம்பியதும் முழுதும் மெய்யன்று.

1959-ஆம் ஆண்டு முடிவைப் படித்தவர், நல்லுணவு ஒரு பொருட்டன்று என எளிதிற் கருதிவிடக்கூடும். அங்ஙனம் கொள்ளற்க. அதே கழகத்தின் பொருளுதவியோடு ஜார்க்கண்டிலே நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் பிறவும் மிகுத்து வழங்கியபோது, அவருள் புதிதாக நோயுற்றோர் தொகை நூற்றுக்கு 39 முதல் 48 வரை குறைந்ததைக் காட்டிற்று. கிருமி புகுந்தபின் அதனைக் கொல்வது மருந்து. புகுந்த கிருமி நோயாக மூளாமற் காப்பதில் உணவுக்குப் பெரும் பங்குண்டு. வினா வேறு, ஆதலின் விடையும் வேறு. அறுபதாண்டுக்குப் பின்னரும் பழைய பொருளை மீண்டும் எடுத்துச் சோதிக்கும் பொறுமை, ஐந்தாண்டுக்கொரு முறை வாக்குக் கேட்கும் அமைச்சருக்கு வாய்ப்பது அரிது. நிலையான நிலையம் வேண்டுவது இதனாலேதான். சம்பளம் அரசாங்கத்தினதாக இருக்கட்டும். நா அதனதாக இருத்தலாகாது.

இனித் தமிழுக்குள்ள வேலை. இவ்வாராய்ச்சிகளின் அறிக்கைகள் ஆங்கிலத்திலே, மருத்துவர் மருத்துவருக்கென்று எழுதியவை. உலகத்தார் அறிய அது வேண்டுவதே. ஆயின் சேத்துப்பட்டுக்கு வாரந்தோறும் நடந்து வந்தவரும், திருவள்ளூர்ப் பக்கத்திலே கை நீட்டி ஊசி ஏற்றவரும் தமிழர். தம் உடலைச் சோதனைக்குத் தந்தவருக்கு அதன் முடிவை அறியும் உரிமை, பணம் தந்த அரசாங்கத்துக்குள்ள உரிமையிற் குறைந்ததன்று. ஒவ்வோராராய்ச்சியும் முடிந்தவுடன், பத்துப் பக்கத்திற் குறையாத தமிழறிக்கை ஒன்று, விளம்பரத் துண்டாக அன்றி, எத்தனை பேர், என்ன செய்யப்பட்டது, யாது கண்டனர், எது பயன்படவில்லை என்னும் விவரங்களோடு, அவ்வூர் நூல்நிலையத்துக்கும் பள்ளிக்கும் சேரல் வேண்டும். மருத்துவருக்கு இதற்கு நேரமில்லை என்பர், மெய்யே. நம் கலாசாலைகளிலே தமிழ் ஆனர்ஸ் மாணவர் ஆண்டுதோறும் தேர்ச்சிக்கென்று கட்டுரை எழுதுகின்றோம். அவற்றுள் ஒன்றை, ஆராய்ச்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில், இத்தகைய அறிக்கையாக எழுதுவிக்கத் தமிழ்த்துறைத் தலைவர்கள் இசைவாராயின், முதலில் எழுதவேண்டுவது திருவள்ளூர் ஊசியின் வரலாறு. அன்று கை நீட்டிய சிறுவர் பலர் இன்று அறுபது வயதைக் கடந்து அவ்வூர்களிலே வாழ்கின்றனர்.