சந்தையில் தொடங்கிய பகை

சிலுவைப் போர் என்றதும் எருசலேமும் சலாவுதீனும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கோ அந்தப் படைகள் நடந்துபோன வழிதான் முக்கியமாகப் படுகிறது. எருசலேமைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அவர்கள் வழியிலிருந்த கிறிஸ்தவர்களோடு மோதிக்கொண்டார்கள். காரணம் மதமா? இல்லை, சோறு.

1096-இல் பீட்டர் என்ற துறவியின் பின்னால் பல்லாயிரம் பேர் பைசாந்தியப் பேரரசுக்குள் நுழைந்தார்கள். இன்றைய செர்பியாவிலுள்ள நிஷ் நகரின் ஆளுநர், பிணையாட்களைப் பெற்றுக்கொண்டு சந்தையைத் திறந்துவிட்டார். ஒரு வியாபாரியோடு கொடுக்கல் வாங்கலில் தகராறு. மறுநாள் புறப்படும்போது, கோபம் ஆறாத சில ஜெர்மானியர் ஆற்றங்கரை மாவு ஆலைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆளுநரின் படை பாய்ந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் தீ வைக்காதவர்கள்!

அதே ஆண்டின் இறுதியில் பிரபு கோட்ஃப்ரேயின் படை கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தது. அவரைப் பணிய வைக்கப் பேரரசர் அலெக்சியஸ் உணவு விற்பனையை நிறுத்தினார். உடனே புறநகர்கள் சூறையாடப்பட்டன. சந்தை திறந்தது, சூறையும் நின்றது.

1147-இல் பிரெஞ்சு அரசர் ஏழாம் லூயியோடு வந்த ஓடோ என்ற துறவி தம் குறைகளை எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கர்கள் கோட்டைக் கதவைத் திறக்கவில்லையாம். மதில்மேலிருந்து கயிற்றில் கட்டிப் பண்டங்களை இறக்கினார்களாம். நாணய மாற்றிலும் தங்களுக்குப் பெருநஷ்டம் என்கிறார். ஆனால் தங்களுக்கு முன்னே போன ஜெர்மானியப் படை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

யார்மீது குற்றம்? கிரேக்கர் வஞ்சகர் என்று மேற்கில் நெடுங்காலம் எழுதினார்கள். அலெக்சியஸின் மகள் அன்னா கொம்னீனாவோ, வந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்றார். இரண்டு தீர்ப்பையும் நான் ஏற்கவில்லை. தன் களஞ்சியத்தை நம்பி வாழும் சிற்றூர், ஆயுதம் ஏந்திய பெருங்கூட்டத்தைக் கண்டால் கதவைச் சாத்தத்தான் செய்யும். மாதக்கணக்கில் நடந்து பசியோடு வந்தவனுக்கு, சாத்திய கதவு துரோகமாகத்தான் தெரியும்.

திருச்சபைகளின் பிளவுக்கு 1054-ஐச் சொல்வார்கள். அது குருமார்களின் சண்டை. சாதாரண வீரனும் ஊர்க்காரனும் ஒருவரையொருவர் வெறுக்கக் கற்றது இந்தச் சாலையில்தான் என்பது என் கருத்து. அந்த வெறுப்பு அப்பன் சொல்லி மகன் கேட்டு வளர்ந்தது. 1204-இல் கடல் வழியே வந்த சிலுவைப் படை கான்ஸ்டான்டிநோபிளையே கொள்ளையிட்டதற்கு அரசியலும் கடனும் காரணங்கள்தாம்; ஆனால் அந்த வீரர்களின் கை கூசாமல் போனதற்குக் காரணம் இந்தப் பழைய கசப்பு.

2001-இல் ஏதென்ஸ் சென்ற போப் இரண்டாம் ஜான் பால் அந்தக் கொள்ளைக்காக வருத்தம் தெரிவித்தார். ஏறத்தாழ 800 ஆண்டுகள் ஆறாத புண்! பெரிய பகைக்குப் பெரிய காரணம்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். தராசும் நாணயமும் போதும் என்கிறது சரித்திரம்.