அரிட்டாபட்டி வல்லூறு தனி இனமா?

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியை இன்று அறியாதார் இல்லை. டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட அந்த வட்டாரம் 2024 நவம்பரில் ஏலம் போயிற்று. ஊரார் பொங்கி எழுந்தார்கள்; டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது; 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஏலத்தையே ரத்து செய்தது.

குன்றுகளுக்காக வாதாடியவர்கள் சொன்ன கணக்கு, அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் உண்டு என்பது. 2022-ல் தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது முக்கியமாய்க் குறிப்பிட்டவற்றுள் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் சேர்ந்தவை. ஆனால், ஷாஹீன் தனி இனமே அல்ல. உலகெங்கும் உள்ள பைரி என்னும் வல்லூறின் ஒரு கிளை என்பதே விஞ்ஞானிகள் முடிவு!

அப்படியானால் இனம் என்பது எது? எர்னஸ்ட் மேயர் என்ற அறிஞர் 1942-ல் கூறிய இலக்கணம் இன்றும் பெரிதும் வழங்குகிறது. இயற்கையில் தமக்குள் கூடி இனம் பெருக்குபவை ஓர் இனம். பிறவற்றோடு அவை கலப்பதில்லை. குதிரையும் கழுதையும் கூடினால் பிறப்பது கோவேறு கழுதை. அதற்குச் சந்ததி இல்லை. வல்லூறுகளிடம் இந்த விதி அவ்வளவு சுலபமாக நிற்பதில்லை. வேட்டைக்குப் பழக்குவோர் வெவ்வேறு இன வல்லூறுகளைக் கூண்டில் இணைத்துக் குஞ்சு எடுத்திருக்கிறார்கள். ஆகவேதான் "இயற்கையில்" என்ற சொல்லுக்கு அத்தனை மதிப்பு.

ஷாஹீனின் கதை சுவையானது. குளிர்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வெளிர் வயிற்றுப் பைரிகள் நம் நாட்டுக்கு வருகின்றன. ஷாஹீனோ இங்கேயே குடியிருப்பது; கறுத்த தலை, செம்பழுப்பு வயிறு. அது பாறை இடுக்கில் முட்டையிடும் காலத்தில் வடக்கத்தியது வெறும் விருந்தாளி. விருந்தாளிக்குக் குடும்பம் நடத்தும் பருவம் வரும்போது அது வடதுருவப் பக்கம் போய்விடுகிறது. சம்பந்தம் கலக்க நேரமேது? இப்படியே பல்லாயிரம் ஆண்டு விலகி நின்றால் கிளை தனி மரமாகிவிடும். கொடைக்கானல் சோலைகளிலும், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கத்திலும் வாழும் சோலைக்கிளிகள் அவ்வாறு பிரிந்துவிட்டவை. தெற்கத்தியதற்கு 2017-ல்தான் தனி இனப் பெயர் கிடைத்தது.

கவலை இங்கேதான். நம் பாறைகளை வெடி வைத்துத் தகர்த்து ஷாஹீன் அழிந்தாலும், உலக இனப் பட்டியலில் ஒரு வரிகூட அடிபடாது. "பைரி நலமாக இருக்கிறது" என்றே ஏடு சொல்லும். உருவாகி வரும் ஓர் இனம் கருவிலேயே போனதற்குக் கணக்கு இராது. இனங்களை எண்ணி மட்டும் குன்றுக்கு விலை போடுவது, என் அபிப்பிராயத்தில், அரைக் கணக்கு.

ஏலம் போன பரப்பு 2,000 ஹெக்டேருக்கு மேல். பாரம்பரியத் தலம் என்ற பாதுகாப்பு உள்ளதோ சுமார் 193 ஹெக்டேர். மிச்சமுள்ள பாறைகளில் எது எங்கே கூடு கட்டுகிறது என்று வனத்துறையும் கிராம சபைகளும் இப்போதே குறித்து வைக்கலாமே?