மொய் வேண்டாம், வாசகர் வேண்டும்



என் முதல் நாவல் அச்சாகி வீட்டுக்கு வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. மொத்தம் 500 படிகள். எழுத்துலகில் என்னை அறிந்தவர் எவருமிலர். நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன், அவ்வளவே. நூலைக் கண்ட நண்பர்கள் எல்லாரும் ஒரே அறிவுரையைத்தான் கூறினர்: "மண்டபம் எடுங்கள் சார். ஒரு டத்தோவை அழைத்து முதல் நூலைக் கொடுங்கள். போட்ட பணம் ஒரே மாலையில் திரும்பிவிடும்."

அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை வெளிப்படையாக எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க.

நம் நாட்டில் தமிழ் நூல் வெளியீடு எப்படி நடைபெறுகிறது என்பதை நாம் அறிவோம். குத்துவிளக்கு, தமிழ்வாழ்த்து, மாலை, பொன்னாடை. பிரமுகர் பெருந்தொகை அளித்து முதல் நூலைப் பெறுவார். பிறகு ஒவ்வொருவராக மேடையேறி, உறையைக் கொடுத்து, நூலைப் பெற்று, நிழற்படத்துக்கு நின்றுவிட்டு இறங்குவோம். பின்னர் விருந்து. அத்துடன் அந்நூலின் வாழ்வு முடிந்துவிடும். திருமண வீட்டு மொய்க்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மொய் வைத்தவர் மணமக்களின் முகத்தையாவது பார்க்கிறார். நாமோ நூலின் முதல் பக்கத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

பிறரைக் குறைகூற எனக்கு என்ன தகுதி? என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என் நாவல் வந்த பிறகுதான் என் புத்தக அலமாரியைத் திறந்து பார்த்தேன். வெளியீட்டு விழாக்களில் 50 வெள்ளி உறை கொடுத்துப் பெற்ற நூல்கள் பதினொன்று இருந்தன. அவற்றுள் ஒன்பதை நான் புரட்டவே இல்லை. ஒன்றினுள் அன்றைய நிகழ்ச்சி நிரல் வைத்தபடியே இருந்தது. அந்நூலாசிரியரை அதன்பின் பலமுறை சந்தித்திருக்கிறேன். "அருமையான நூல் ஐயா" என்று அவரிடம் கூறியும் இருக்கிறேன். இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

"விழா இல்லையென்றால் இந்நாட்டில் தமிழ் நூலே வராது" என்பார்கள். அதில் உண்மை உண்டு. எழுத்தாளனுக்கு உரிமைத்தொகை கொடுத்து நூல் போடும் பதிப்பகம் இங்கு அரிது. 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனபின், புதியவர்களுக்கு நாளேடுகளில் இருந்த இடமும் குறுகிவிட்டது. ஆகவே அச்சகக் கடனை அடைக்க விழா எடுப்பவர்மீது எனக்குச் சினமில்லை. உறையைக் கொடுத்ததும் நூலுக்குரிய கடமை தீர்ந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோமே, அதன்மீதுதான் சினம்.

1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் நூலின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். நானும் ஒப்படைத்தேன். ஐந்து படிகளைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு படியையாவது படிக்க யார் இருக்கிறார்கள்?

நாம்தான் இருக்க வேண்டும். நிலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ், "எத்தனை புத்தகம் படித்தாய்? பதிவு செய்தாயா?" என்று மாணவரை நாள்தோறும் கேட்கிறோம். அதே கேள்வியை மாணவர் நம்மிடம் திருப்பிக் கேட்டால் என்ன விடை சொல்வோம்? 1917-இல் வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ தொடங்கி, நூறாண்டைக் கடந்த நாவல் மரபு நமக்கு உண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதையில் நம்மவர் மாண்ட கதையை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்றும் நாவல்களாக எழுதி வைத்தனர். நம் ஆசிரியர் அறையில் அவற்றைப் படித்தவர் எத்தனை பேர்? அவர்களுக்கே இந்நிலை என்றால், பெயர் தெரியாத ஒருவனின் நூலை யார் தொடுவார்?

ஆகவே நான் வேறு வழி தேடினேன். நூல்களைப் பையில் சுமந்துகொண்டு, தெரிந்த ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் நேரில் சென்றேன். "படிப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்" என்றேன். இதுவரை 63 படிகளே விற்றன. மீதிப் பெட்டிகள் என் மகளின் அறையில் இருக்கின்றன.

அந்த 63 பேரில் ஒருவர் என் மாணவியின் தாயார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். படித்து முடித்துப் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "சார், நல்லா வெளிச்சம் வந்த பிறகு பெரட்டு நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் இருட்டிலேயே பெயர் கூப்பிடுவார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எங்களை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுத்தான் அம்மா ஓடுவார். அந்த இருட்டு உங்கள் கதையில் இல்லை" என்றார். எந்தப் பிரமுகரும், எந்தப் பொன்னாடையும் எனக்குத் தந்திருக்க முடியாத பரிசு அது. மறுபதிப்பு வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத் திருத்துவேன்.

இனி என் வேண்டுகோள். விழா எடுப்போர் எடுக்கட்டும். ஆனால், நூலை முன்னரே படித்த ஒருவருக்கு முதல் நூலை அளியுங்கள். அவர் பத்து நிமிடம் நூலைப் பற்றி மட்டும் பேசட்டும். ஆசிரியர்களே, ஆண்டுக்கு ஒரு மலேசியத் தமிழ் நாவலையாவது படித்து, அதன் ஒரு நிறையையும் ஒரு குறையையும் ஆசிரியருக்கு எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகளின் கண்முன் தமிழ் நூல் ஒன்றைத் திறந்து அமருங்கள்.

நான் இன்று என் அலமாரியில் உறங்கும் அந்த ஒன்பது நூல்களில் முதலாவதைத் தொடங்குகிறேன். படித்து முடித்ததும் அந்நூலாசிரியரைத் தேடிச் சென்று பேசுவேன். இம்முறை பொய் சொல்ல வேண்டியிராது.

சிந்திப்போம், செயல்படுவோம்.