நாலாவது இடத்துக்கு ஒரு கைதட்டல்!



சமீபத்தில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு சிறுமி மட்டும் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். ஓட்டப் பந்தயத்தில் அவள் நாலாவது.

"மூணு பேருக்குத்தான் கப்பு. நாலாவது வந்தா ஒண்ணுமே இல்ல தாத்தா" என்றாள்.

அவளுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

திரிபுரா மாநிலம் அகர்தலாவில் 1993ம் ஆண்டு பிறந்தவர் தீபா கர்மாகர். 6 வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கத் தொடங்கினார். அவருக்குத் தட்டைப் பாதம். அதாவது, உள்ளங்காலில் வளைவு கிடையாது. ஓடிக் குதித்து, தரையில் காலூன்றி நிற்க வேண்டிய விளையாட்டில் அது பெரிய இடைஞ்சல். பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தியிடம் பல ஆண்டுகள் விடாமல் பழகி, அதை வென்றார்.

2016ல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் ஒலிம்பிக் போட்டி. அதில் கலந்துகொண்ட தீபாதான், ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை! 'வால்ட்' பிரிவின் இறுதிச் சுற்றுக்கு 8 பேர் தேர்வானார்கள். அந்த எட்டில் கடைசி இடம் தீபாவுக்கு.

வால்ட் என்றால் என்ன தெரியுமா? வேகமாக ஓடி வந்து, ஸ்பிரிங் பலகையை மிதித்து எழும்பி, மேஜை போன்ற கருவியில் கைகளை ஊன்றி, அந்தரத்தில் கரணம் போட்டு, மறுபக்கம் காலூன்ற வேண்டும். தீபா செய்தது 'புரோடுனோவா'. அந்தரத்தில் முன்பக்கமாக இரண்டு கரணங்கள்! கொஞ்சம் பிசகினாலும் கழுத்துக்கு ஆபத்து. உலகில் வெகு சிலரே செய்த சாகசம் அது. (இதைப் படித்துவிட்டு யாரும் கட்டிலில் ஏறிக் கரணம் போடக் கூடாது, சரியா?)

தீபாவுக்குக் கிடைத்தது 15.066 புள்ளி. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்து வீராங்கனைக்கு 15.216. வெறும் 0.150 வித்தியாசத்தில் பதக்கம் போயிற்று. தீபா நாலாவது!

அவர் அதோடு ஓய்ந்துவிட்டாரா? இல்லை. 2017ல் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2018ல் துருக்கியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வால்ட் பிரிவில் தங்கம். 2024ல், 30 வயதில், ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் தங்கம். அதை வென்ற முதல் இந்தியர் அவரே. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஓய்வு பெற்றார்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆசிரியராக இருந்தபோது, தேர்வு முடிந்ததும் முதல் மூன்று ரேங்க் பெயர்களை மட்டும் உரக்க வாசிப்பேன். எல்லாரும் கைதட்டுவார்கள். ஒருமுறை, 31வது ரேங்கில் இருந்த ஒரு மாணவி 12வது ரேங்குக்கு வந்திருந்தாள். அவள் பெயரை நான் வாசிக்கவில்லை. கார்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போய் உட்கார்ந்தாள். அன்று வகுப்பிலேயே அதிகமாக உழைத்தவள் அவள்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அப்படியானால் பதக்கம் வேண்டாமா? வேண்டும். ஜெயித்தவரை மனதாரப் பாராட்டவும் வேண்டும். ஆனால், எந்த இடத்துக்கு வந்தோம் என்று பார்க்கும்போது, எங்கிருந்து வந்தோம் என்றும் பார்க்க வேண்டும். தீபா எட்டிலிருந்து நாலுக்கு வந்தவர்!

அடுத்த முறை ரேங்க் கார்டு வந்ததும், பக்கத்து பெஞ்ச் நண்பனின் மார்க்கைப் பார்க்காதீர்கள். உங்கள் பழைய மார்க்கைப் பாருங்கள். இதை அப்பா, அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

அப்புறம், பந்தயத்தில் நாலாவதாக வருபவருக்கும் பலமாக ஒருமுறை கைதட்டுங்கள். என்ன, செய்வீர்களா?