உளவாளியா? முதல்ல கணக்கைக் காட்டு!

மிஷன் இதுதான் பாஸ். காஞ்சிபுரத்திலிருந்து வர்ற பஸ்ஸில் ஒருத்தர் உத்திரமேரூரில் இறங்குவார். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே பட்டுப்புடவை. முந்தானையில் ஒரு ரகசியத்தை ஜரிகையாவே நெய்து வெச்சிருக்காங்க. அவர் வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தொடுறதுக்குள்ள அந்தப் பை உங்க கைக்கு வரணும். என்ன செய்வீங்க?

'பிடுங்கிட்டு ஓடுவேன்'னு சொல்றீங்களா? சரி, தாயக்கட்டையை உருட்டுங்க. தாயம் விழுந்தா தப்பிச்சீங்க. இல்லைன்னா பஸ் ஸ்டாண்டே உங்களைத் துரத்துது!

டேபிள்டாப் ரோல்பிளேயிங்னு சொல்றாங்களே, அது இதுதான். கம்ப்யூட்டர் வேண்டாம், கரன்ட் வேண்டாம். ஒரு பாய், ஒரு நோட்டு, ரெண்டு கட்டை, நாலைஞ்சு பேர். ஒருத்தர் கேம் மாஸ்டர். கதையைச் சொல்றவர் அவர்தான். வில்லன், டீக்கடைக்காரர், இன்ஸ்பெக்டர்னு எல்லா வேஷமும் அவருக்கே. மத்தவங்க ஆளுக்கொரு ஏஜென்ட். என்ன செய்யறதுன்னு நீங்க சொல்லணும், நடந்ததா இல்லையான்னு கட்டை சொல்லும்.

1974-ல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இப்படித்தான் ஆரம்பிச்சது. அதில் வாளும் டிராகனும். அதே கம்பெனி 1980-ல் 'டாப் சீக்ரெட்'னு உளவாளி விளையாட்டைக் கொண்டு வந்தது. 1983-ல் ஜேம்ஸ் பாண்ட் பேரிலேயே ஒண்ணு வந்தது. 2002-ல் 'ஸ்பைகிராஃப்ட்'. நமக்கும் இது புதுசு இல்லை. சங்கர்லாலும் இரும்புக்கை மாயாவியும் நம்ம அப்பா காலத்து ஹீரோக்கள். அதுக்கும் முன்னாடியே நம்ம ஆழ்வார்க்கடியான் இருக்கார்!

இதில் இன்னொரு படி மேலே போனதுதான் 'கூட்டு உலகம்'. உங்க பாயில் நடந்தது உங்க பாயோட முடியாது. உத்திரமேரூரில் ஒரு டீம், காஞ்சிபுரத்தில் ஒரு டீம், மதுராந்தகத்தில் ஒரு டீம். கதை உலகம் மட்டும் ஒண்ணு. நீங்க கோட்டை விட்ட பை அடுத்த வாரம் மதுராந்தகத்துக்காரங்க தலைவலி. உங்க ஏஜென்ட் அத்தை வீட்டுக்குப் போனா அந்த ஊர் டீமிலும் அதே காயத்தோட, அதே கடனோட உட்காரலாம். 'லிவிங் கிரேஹாக்'னு ஒண்ணு 2000 முதல் 2008 வரை இப்படி நடந்தது. நிஜ மாநிலங்களையும் நாடுகளையும் கதை உலகத்தின் பகுதிகளோட ஜோடி சேர்த்து, ஊர் ஊரா ஆடினாங்க. ஸ்பைகிராஃப்டுக்கும் இப்படி ஒரு கூட்டு உலகம் இருந்தது.

கேட்க சூப்பரா இருக்குல்ல? சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்கும்.

அடுத்த ஊர் பாயில் என்ன நடந்துச்சுன்னு நீங்க பார்க்கலை. ஒருத்தன் வந்து 'நேத்து எனக்கு ஹெலிகாப்டர் கிடைச்சுது மச்சி'ங்கிறான். நம்புறதா? கேம் மாஸ்டரே அவனோட ரூம்மேட்டா இருந்தா? ஒரு பொய் உள்ளே நுழைஞ்சா மூணு ஊர் கதையும் காலி. லிவிங் கிரேஹாக்கில் ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் என்ன கிடைச்சதுன்னு காகிதத்தில் எழுதி, நடத்தினவர் கையெழுத்துப் போடணும். அவங்க வழி அது.

நம்ம வழி உத்திரமேரூர் கோயில் சுவரிலேயே இருக்கு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டின குடவோலைக் கல்வெட்டுகளைத்தான் சொல்றேன். ஸ்கூல் புத்தகத்தில் 'பழங்கால ஜனநாயகம்'னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சிருப்பீங்க. ஒரு கேம் மாஸ்டர் கண்ணால இப்போ படிச்சுப் பாருங்க. அது ஏமாற்றைத் தடுக்கிற ரூல் புக்!

ஊர் 30 குடும்புகளா, அதாவது 30 வார்டுகளா பிரிஞ்சிருந்தது. பேர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பெரியவர் தூக்கிக் காட்டணும். உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலையை எடுக்கணும். வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில் வாங்கணும் (கைக்குள்ள வேற ஓலை ஒளிச்சு வைக்க முடியாதே!). வாங்கினவர் படிச்சதும், அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்கணும். பதவி 360 நாள். கடந்த மூணு வருஷத்தில் வாரியத்தில் இருந்தவருக்குத் திரும்ப வாய்ப்பு இல்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமில்லை, அவரோட சொந்தக்காரங்களும் அவுட்!

ஒரு விஷயம். கால் வேலிக்கு மேல நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்புன்னு தகுதிகளும் அதே சுவரில் இருக்கு. அதனால அன்னிக்கு ஊரில் பாதிக்கு மேல குடத்துக்குள்ளேயே போகலை. பொண்ணுங்க பேரும் இல்லை. நம்ம குடத்தில் டீமில் இருக்கிற எல்லார் பேரும் இருக்கட்டும். மத்ததை அப்படியே சுட்டுக்கலாம். மாசம் ஒரு கேம் மாஸ்டர், குடவோலையில். ஆட்டக் கணக்கைக் கொடுக்காத டீம் அடுத்த ரவுண்டில் கிடையாது.

சரி, ரெண்டு டீம் கணக்கு முட்டிக்கிட்டா? அதுக்குத் திருவள்ளுவர் இருக்கார். 'ஒற்றாடல்' 59-வது அதிகாரம். ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்கணும், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூணு பேர் சொல்றது ஒத்துப்போனா நம்பலாம்ங்கிறார். மூணு ஊர் டீமும் ஒரே சம்பவத்தைத் தனித்தனியா ஆடட்டும். மூணு நோட்டிலும் ஒத்துப்போறது மட்டும் கதையில் 'நடந்தது'. மத்ததெல்லாம் வதந்தி. அந்த வதந்தியே அடுத்த மிஷன்!

இன்றைய காலத்துக் கதைங்கிறதால ஒரு ரூலில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. நிஜ மனுஷங்களை ஒற்றன் லிஸ்ட்டில் சேர்க்காதீங்க. ப்ரொஃபஸர், எதிர்க் கடைக்காரர், ஹாஸ்டலுக்குப் புதுசா வந்த வெளிமாநிலப் பையன் யாரும் கூடாது. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைது பண்ணாங்க. 1996-லேயே அது பொய் வழக்குன்னு சி.பி.ஐ. சொல்லிடுச்சு. ஆனா 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது 2018-ல். நடுவில் 24 வருஷம். ஆடுறது பாயிலேயே இருக்கட்டும். தெருவில் யார் பின்னாடியும் போறதோ, யாரையும் போட்டோ எடுக்கிறதோ வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறீங்களா? பிளாஸ்டிக் குடமே போதும். சீட்டு எடுக்கப் பக்கத்து வீட்டு வாண்டைக் கூப்பிடுங்க. ஒரு கடலை மிட்டாய் கேட்கும். வாங்கிக் கொடுத்துட்டு, அந்தச் செலவையும் நோட்டில் எழுதிடுங்க.