ஒரு செலவை எடுக்க ஒரு எண் வேண்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதலில் செய்கிற உருப்படியான வேலை, எக்ஸெல் ஒர்க் ஷீட்டில் செலவுக் கணக்கு எழுதுவதுதான். வீடு கட்டிக் கொண்டிருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். செங்கல், சிமெண்ட், கூலி என்று தினமும் நாலைந்து வரிகள் ஏறிக் கொண்டே இருக்கும். கடைசியில் ஆட்டோ சம் பட்டனை அழுத்தினால் மொத்தம் வந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து ஒரே ஒரு செலவை, அது மட்டும்தான் என்று உறுதியாக, உங்களால் எடுத்துக் காட்ட முடியுமா? முடியாது என்றால் அந்தக் கணக்கு அரைக் கணக்குதான் என்பது என் கருத்து.

நான் பிழைப்புக்காகச் செய்வதே இந்த வேலைதான். கட்டுமான நிறுவனங்கள் பயன்படுத்தும் நிர்வாக சாப்ட்வேரையும் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் சாப்ட்வேரையும் இணைக்கும் புரோகிராம்களை எழுதுகிறேன். இருந்தும் இந்தப் பாடத்தை நான் கற்றது ஆபீசில் அல்ல, எங்கள் வீட்டு மாடிக்குக் கம்பி வாங்கியபோது.

2021-ல் அப்பா வீடு கட்டினார். பில் வந்ததும் அதன் மூலையில் சிவப்பு பேனாவால் ஒரு வரிசை எண் போட்டு, பில் குத்தும் கம்பியில் குத்திவிடுவது அவர் பழக்கம். கணக்கை எக்ஸெல்லில் ஏற்றியவன் நான். தேதி, கடை, பொருள், தொகை என்று நான்கு நெட்டு வரிசைகள். "தம்பி, என் நம்பரையும் ஒரு ஓரமாப் போட்டுடு" என்றார். "எக்ஸெல்லே ஓரத்துல ஒண்ணு, ரெண்டுன்னு போடுதேப்பா" என்று சொல்லிவிட்டேன். இன்ஜினீயரிங் படித்த பையன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து கம்பிக் கடைக்காரர் பாக்கி கேட்டார். 12 எம்.எம். கம்பி இரண்டு லோடு, லோடுக்கு அரை டன், 32,500 வீதம் 65,000 ரூபாய். ஒரு லோடுக்குத்தான் பணம் வந்திருக்கிறது என்றார். நான் ஃபைலைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எஃப் அழுத்தி, கம்பி என்று தேடினேன். அந்தத் தேதியில் ஒரு லோடு மட்டுமே இருந்தது. "ஒரு லோடுக்கு ரெண்டு தடவை காசு கேக்கறீங்களே" என்று போனிலேயே கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கமான மனிதர் அவர்.

அப்பா ஒன்றும் பேசாமல் பில் கம்பியை எடுத்து வந்தார். 61, 62 என்று சிவப்பு எண்களுடன் இரண்டு பில்கள். ஒரே நாள், குட்டியானை வண்டி காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை வந்திருக்கிறது. கம்பி கட்டியவரும் தொண்ணூறுக்கு மேல் கம்பி மேலே போனதாகச் சொன்னார். (12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரை கிலோவுக்குச் சற்று மேல். அரை டன்னுக்கு சுமார் 47 கம்பி.)

அப்படியானால் 62 எங்கே போனது? நான்தான் அழித்திருக்கிறேன். ஒரு நாள் ஃபைலைச் சுத்தம் செய்வதாக நினைத்து, டேட்டா டேப்பில் உள்ள ரிமூவ் டூப்ளிகேட்ஸ் கட்டளையை இயக்கியிருந்தேன். எக்ஸெல் 2007 முதல் இந்த வசதி உண்டு. தேர்ந்தெடுத்த நெட்டு வரிசைகளில் எல்லாம் ஒன்றாக இருக்கும் வரிகளில் முதல் வரியை வைத்துக் கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். தேதி, கடை, பொருள், தொகை நான்கும் ஒன்று. எக்ஸெல் மேல் குற்றமே இல்லை. அப்பாவின் எண்ணும் ஷீட்டில் இருந்திருந்தால் 61-ம் 62-ம் வேறு வேறு வரிகள் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

நான் நம்பிய ஓரத்து எண், வரி இருக்கும் இடத்தின் எண். செலவின் எண் அல்ல. தேதிப்படி சார்ட் செய்தால் ஒன்று, கடைப்படி சார்ட் செய்தால் வேறொன்று.

டேட்டாபேஸ் வேலையில் இருப்பவர்கள் இதை பிரைமரி கீ என்பார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. பெரிய கட்டுமான சாப்ட்வேர்கள் இதன்படியே இயங்குகின்றன. உதாரணமாக புரோகோர் சாப்ட்வேரில் டைரக்ட் காஸ்ட்ஸ் என்ற டூல் உண்டு. வெளியிலிருந்து ஒரு புரோகிராம் அதை இரண்டு விதமாகக் கேட்கலாம். இந்தப் புராஜெக்டின் செலவுகளை எல்லாம் கொடு என்பது ஒன்று. இந்தப் புராஜெக்டில் இந்த எண்ணுள்ள செலவை மட்டும் கொடு என்பது இன்னொன்று. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வழியில் போய், வந்த பட்டியலில் தேடுவார்கள். பட்டியல் பக்கம் பக்கமாகத்தான் வரும். முதல் பக்கத்தில் காணோம் என்றதும் அந்தச் செலவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். போனில் நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

காஸ்ட் கோடு என்பதையும் பலர் செலவின் எண்ணாக நினைக்கிறார்கள். அது வகையின் எண். வட அமெரிக்காவில் புழங்கும் மாஸ்டர்ஃபார்மட் வரிசையில் 03 என்றால் கான்கிரீட். அதற்குப் போடும் கம்பியும் அதற்குள்தான். 2004-ல் 16 பிரிவுகளை 50 ஆக விரித்தார்கள். எத்தனை பிரிவு வைத்தாலும் ஒரே கோடின் கீழ் நூறு பில் இருக்கும்.

எண்ணைக் கொடுத்துக் கேட்டால் அந்தச் செலவைத் தர வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். இணைய வழி சாப்ட்வேர்களில் இதற்கு 404 என்ற பதில் வரும். அதைப் பார்த்து எரிச்சல் படாதீர்கள், நேர்மையான பதில் அது. எக்ஸெல்லின் விலுக்கப் பங்க்ஷனை நான்காவது மதிப்பு தராமல் அமைத்துப் பாருங்கள். எண்கள் ஏறு வரிசையில் இருந்து, 62 இல்லாமல் போனால், சத்தமில்லாமல் 61-க்குரிய தொகையை எடுத்துத் தரும். கேட்டவருக்குச் சந்தேகமே வராது. நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுத்தால்தான் இல்லாததை இல்லை என்று காட்டும். எக்ஸெல் 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் உள்ள எக்ஸ்லுக்கப், கேட்காமலேயே இப்படி நடந்து கொள்ளும். கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எனவே செலவு ஷீட் தொடங்கும்போது முதல் நெட்டு வரிசையை எண்ணுக்கு ஒதுக்கிவிடுங்கள். அதை ஃபார்முலா போட்டு வரவழைக்க வேண்டாம், கையால் டைப் செய்யுங்கள். அதே எண்ணை பில்லிலும் எழுதுங்கள். தவறான வரியை அழித்து அந்த எண்ணை இன்னொரு செலவுக்குக் கொடுக்காதீர்கள். ரத்து என்று எழுதி அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணுக்கு மேல் எண் ஒழுங்காக வருகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்தால், விடுபட்டது தானாகத் தெரியும்.

கடைக்காரரிடம் மறுநாள் நானே 32,500 ரூபாயுடன் போனேன். பணத்தை எண்ணி வாங்கிக் கொண்டு, பில்லில் பெறப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார். "கம்ப்யூட்டர்ல தப்பு வருமா தம்பி?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் இல்லை, நான் ஏற்றியதில்தான் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.